நின்றுபோன படத்தில் ஒரு பொட்டு

பூசை லீவு முடிந்து கம்பெனி திறக்கும் அன்று காலையிலேயே வெளிநாட்டுக்குக் காட்டுகிற வீடியோவை எடுத்துவிடலாம் என்று சொன்னது, ஆர்டர் பேசிக் கொண்டுவருகிற மெர்ச்சண்டைசர் பெண். அவள் சொன்ன காரணம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பனியன் கம்பெனி உண்மையாகவே சுத்தமாக இருப்பது ஆயுத பூசையை ஒட்டிய சில நாட்கள்தான். மிஷின்களுக்கு அடியில் வருஷமெல்லாம் அடைந்த பஞ்சைக் காற்றடித்து எடுத்திருப்பார்கள். தரையைக் கழுவியிருப்பார்கள். டியூப்லைட்டுகளைக்கூடத் துணி போட்டுத் துடைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் அந்த இடத்தை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட யாருக்கும் தைரியம் வராது.

அந்தக் கம்பெனி திருப்பூரிலிருந்து போகும்போது அவிநாசிபாளையத்துக்கு முன்னால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அங்கே எனக்கு இன்ன வேலை என்று கிடையாது. பெட்டி கட்டுவேன், வண்டி ஓட்டுவேன், சாயப்பட்டறைக்குப் போய்த் துணி எடுத்துவருவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் வண்டியில் ஏறிச் சத்தீஸ்கர் பக்கமெல்லாம் சுற்றினேன். அங்கே மஞ்சள் காமாலை வந்தபோது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அடுத்த ஊரில் குழி போடக் காத்திருந்தார்கள். பேசத் தெரிந்த இந்தியெல்லாம் அந்த வார்டில் படுத்துக்கொண்டு கற்றதுதான். திரும்பி வந்து தாராபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடித்தேன், பிறகு கேமராவே பிடித்தேன். எல்லோர் கையிலும் நல்ல போன் வந்ததும் அந்த வேலையும் மெலிந்தது. அப்படித்தான் திருப்பூர் வந்தேன். கேமரா பிடிக்கத் தெரியும் என்பதை முதலாளியிடம் ஏதோ பேச்சுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

முதலாளி ஒருகாலத்தில் டைலராக இருந்தவர். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்புகிற துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க்தான் அதுவரை எங்களுக்குச் சோறு. முதல்தடவையாக நேரடி ஆர்டர் ஒன்று வருகிற மாதிரி இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கான வெள்ளை உடுப்பு. வாங்குவது குளிர்நாடு ஒன்றில் இருந்த சின்ன கம்பெனி. முன்பெல்லாம் துணி வாங்குகிற பையர்கள் நேரில் வந்து தளத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். இவர்கள் விமானத்துக்குச் செலவு செய்கிறவர்கள் இல்லை. ஆன்லைன் மீட்டிங்கில் போட்டோ, வீடியோ, பேப்பர் எல்லாவற்றையும் திரையில் காட்டுங்கள், எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டே பேசலாம், அதில் சரியென்று பட்டால் ஆர்டர் என்று எழுதியிருந்தார்கள்.

மெர்ச்சண்டைசர் பெண்ணுக்குத் தூத்துக்குடிப் பக்கம். பெரிய கம்பெனி ஒன்றை விட்டுவிட்டு, இந்த பையரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தவள். முதலாளி அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

"அம்மணி, இந்த ஆர்டரு ஓகே ஆச்சுன்னா நீங்க இங்கயே இருங்க. ஆவலீன்னா நான் பழையபடி ஜாப் ஒர்க்குக்கே போயிருவனுங்க. அதுக்கு மெர்ச்சண்டைசர் எதுக்குங்க, நானே போதும்."

அவள் தன் வீட்டிலும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த வேலை நிற்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிடுகிறேன், நீங்கள் சொல்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறேன் என்று. டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"மிக்சர் கடை வச்சிருக்காருண்ணே. நல்ல மனுசன்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மிக்சர் கடையில இருந்து நான் யாருக்கு இங்கிலீசுல மெயில் அனுப்புவேன்?"

வீடியோ எடுத்த அன்று நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றுகளை அவிழ்த்தோம். கலர் பேப்பர் தோரணங்களை இறக்கினோம். பூசணிக்காய் உடைத்த இடத்தை இன்னொரு தடவை கழுவினோம். மூலையில் சிதறிக்கிடந்த பொரியைக்கூட அவள் குனிந்து பொறுக்கினாள். துணி வருவது, வெட்டுவது, தைப்பது, உடைந்த ஊசி துணிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, பெட்டி கட்டுவது என்று வரிசையாக எடுத்தேன். அவள் ஹாஸ்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கம் பேசிப் பதிவு செய்து கொண்டுவந்தாள். அதைப் படத்தோடு சேர்த்தேன். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடங்களில் ரோஜா இதழ்கள் கொட்டுகிற மாதிரி வைத்திருந்தேன்.

"அண்ணே, இது என்ன ரிசப்சனா? மாப்பிள எங்க?" என்று கேட்டாள். இதழ்களை எடுத்துவிட்டேன்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். அவள் மாடியில் முதலாளியின் ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் போனோடு உட்கார்ந்தேன். நான்தான் பையர். படம் வந்தது, அவள் குரலும் வந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, எதுத்தாப்பல இருக்கற கம்பெனிய இங்க உக்காந்து போன்ல பாக்கறீங்களே, நடந்து போயிப் பாத்தா ஆகாதுங்களா?"

"நான் இப்ப வெளிநாடுங்க" என்றேன்.

"அப்ப டீ வேண்டாங்களா, காப்பியாப் போட்டுருட்டுங்களா?"

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம் மீட்டிங். அவர்களுக்கு அது காலை. முதலாளி ரூமில் மூன்று சுவர்களிலும் முருகன் படங்கள். நாலாவது சுவரில் எங்கள் துணியிலேயே ஒரு வெள்ளைப் பீஸை இழுத்துக் கட்டி, அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று முதலாளி ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருந்தார். கேமராவில் விழாத இடத்தில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். நான் லேப்டாப் பக்கத்தில் நின்றேன். திரையில் வந்த பையரம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்துக் கட்டங்களில் இன்னும் இரண்டு பேர், அவர்கள் கடைசிவரை பேசவில்லை.

அவள் வணக்கம் சொல்லி, திரையைப் பகிர்ந்து, வீடியோவை ஓடவிட்டாள். எங்களுக்கு எல்லாம் நன்றாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மா ஏதோ சொன்னார். அவள் முகம் மாறியது.

"அண்ணே, சவுண்டு போவலயாம்."

ஒத்திகையில் போன சத்தம் இப்போது ஏன் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. படத்தோடு சத்தத்தையும் அனுப்புவதற்கு அங்கே தனியாக ஒரு கட்டத்தில் டிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. ஒத்திகையன்று லேப்டாப் ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை லேப்டாப் மைக்கே பிடித்து எனக்கு அனுப்பியிருந்தது. ஹெட்போன் மாட்டியதும் அந்த வழியும் அடைபட்டது. குளியலறையில் பேசிய குரலை அவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, நானே பேசுதேன்" என்று ஹெட்போனை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, படம் ஓட ஓட நேராகவே சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகத்தான் சொன்னாள். அப்போது கரண்ட் போனது. கீழே மிஷின்களின் சத்தம் ஒன்றாக நின்றது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் மோடம் அணைந்துவிட்டது. லேப்டாப்பை என் போன் நெட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் வீடியோ தொடர்ந்து ஓடியது. தையல் முடிந்து, ஊசி பார்ப்பது முடிந்து, பெட்டி கட்டும் காட்சிக்கு வந்துவிட்டாள். அந்தம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவருக்குப் படம் எப்போதோ நின்றுபோயிருக்கிறது.

பிறகு தன் திரையை எங்களுக்குப் பகிர்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அப்படியே எங்கள் லேப்டாப்பில் வந்தது. எங்கள் மிஷினை அவர் ஊரிலிருந்து எங்களுக்குக் காட்டினார். ஓரம் அடிக்கிற ஓர் ஓவர்லாக் மிஷினின் தலை. ஊசிக்கு மேலே மஞ்சளாக ஒரு தீற்றல், அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. குங்குமம் வைத்த விரல் இழுபட்டு, சிவப்பு ஊசிப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் துணி. அந்தச் சிவப்பைச் சுற்றி அவர் ஒரு வட்டம் போட்டிருந்தார். இது என்ன என்று கேட்டார்.

படம் ஓடிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. நானே அதை வெட்டி ஒட்டும்போது பலமுறை பார்த்தேன், அவளும் பார்த்தாள். பொரி வரைக்கும் பொறுக்கியவர்கள் நாங்கள். எங்கள் இருவர் கண்ணுக்கும் அது மிஷினின் ஒரு பாகம் மாதிரிதான் இருந்தது.

அவள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது முதலாளி ஸ்டூலில் இருந்தபடி திரையை எட்டிப் பார்த்து, "சாமின்னு சொல்லுங்கம்மணி" என்றார்.

அவள் பதற்றத்தில் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். இது கடவுள் என்று.

அந்தம்மா சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அது எந்தப் பொருளால் ஆனது என்று கேட்டார். அவள் சுதாரித்துக்கொண்டு, சந்தனம், மஞ்சள், சுண்ணாம்பு என்று விவரமாகச் சொன்னாள். வருஷத்துக்கு ஒருநாள் மிஷினைக் கும்பிடுவோம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு அவர் தலையாட்டினார். தேய்த்தால் துணியில் ஒட்டுமா என்பது அடுத்த கேள்வி. இப்போதே நேரலையில், ஒரு வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

அவள் அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி என்னைப் பார்த்தார். லேப்டாப்பை மேஜையில் இருந்த அவருடைய போன் நெட்டுக்கு மாற்றிவிட்டு, என் போனையும் மீட்டிங்கில் சேர்த்துக்கொண்டு கீழே போனேன்.

அந்த மிஷினில் உட்கார்ந்திருந்த டைலர் கணியூர்க்காரம்மா. கட்டிங் வேஸ்ட்டில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டி, பொட்டின்மேல் தேய்க்கச் சொன்னேன்.

"எதுக்குங்க?"

"பையரம்மா பாக்கோணுமாங்க."

"பாக்கட்டும், வேண்டாங்குல. தொடைக்கறதுக்கு நான் ஆளில்லீங்க. வெள்ளிக்கிழம அதுவுமா சாமியத் தொடைக்கச் சொல்றீங்க."

"கொஞ்சமா, ஓரத்துல."

"ஓரத்துல தொடைச்சா மட்டும் சாமி வேறயா? அது தானாப் போகோணுமுங்க. அந்தம்மாவையே வந்து தொடைச்சுக்கச் சொல்லுங்க, நான் எந்திரிச்சு எடம் உடறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர் மிஷினில் இருந்த ஒடிசாப் பையனிடம் இந்தியில் கேட்டேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். எங்கள் ஊரிலும் துடைக்க மாட்டோம் என்றான். போனில் அந்தம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, என்ன அங்க? எவ்வளவு நேரம்ணே காக்க வைக்கது?"

முதலாளி படியிறங்கி வந்தார். செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலால் அந்தக் குங்குமத்தை வழித்து எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார்.

"இப்ப சாமி எங்கிட்ட வந்துருச்சு. மிச்சம் வெறும் பொடிதானுங்க" என்று டைலரம்மாவிடம் சொல்லிவிட்டு, துண்டை வாங்கி அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

கண்ணால் பார்த்தால் துண்டில் ரோஸ் கலர் தெரிந்தது. அதிகமில்லை, ஆனால் தெரிந்தது. நான் போன் திரையைப் பார்த்தேன். நேர் மேலே டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் போன் கேமரா துண்டை வெள்ளை வெளேரென்று காட்டியது. அந்தம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, சுத்தமாகத்தான் தெரிகிறது என்றார்.

முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் தன் பாட்டுக்கு, "வருதுங்கம்மணி, ரோசா வருது" என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தம்மா கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியது மேலே இருந்த அவள். துண்டின் நிறம் அவளுக்கும் திரையில் தெரியாது. அவளிடம் இருந்தது முதலாளியின் வார்த்தை மட்டும்தான். அதைச் சொல்லாமல் விட்டால் கேட்க ஆளில்லை. எனக்குப் புரிகிற ஆங்கிலம் கொஞ்சம், ஆனால் அவள் சொன்னது சின்ன வாக்கியம். கலர் வருகிறது, கேமரா காட்டவில்லை என்றாள்.

மாடி ஏறி வந்ததும் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லா மிஷின்களின் படமும் துடைப்பதற்கு முன், துடைத்த பின் என்று வேண்டும், இனிமேல் அந்தக் குறியை எங்கே வைப்பீர்கள் என்று எழுத்தில் வேண்டும், அடுத்த மீட்டிங்கில் திரையில் காட்டுங்கள், அதற்கு அப்புறம் முடிவு சொல்கிறோம் என்றாராம்.

"கலர் தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல" என்றேன்.

"சொல்லிருக்கலாம். நாளைக்குப் பெட்டியில ஒரு பீஸு ரோசாப் போச்சுன்னா மொத்த ஆர்டரும் திரும்பும்ணே. அப்பவும் மிக்சர் கடைதான். கூடக் கெட்ட பேரு வேற."

துடைக்கிற வேலை மறுநாள் நடந்தது. முதலாளி செய்ததைப் பார்த்திருந்ததால் யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு டைலரும் தன் மிஷினில் இருந்ததை எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்தார். கணியூர்க்காரம்மா மட்டும் தாலியிலும் கொஞ்சம் ஒற்றிக்கொண்டார். ஒடிசாப் பையன்கள் நெற்றி முழுக்கச் சிவப்பாக்கிக்கொண்டு போட்டோவுக்கு வந்து நின்றார்கள். மனிதர்கள் வேண்டாம், மிஷின் மட்டும்தான் என்று விரட்டினேன்.

"துடைக்கதுக்கு முன்ன, பின்னன்னு ரெண்டு படத்தயும் பக்கத்துல பக்கத்துல வைங்கண்ணே. இந்தத் தடவ வீடியோ வேண்டாம்" என்று அவள் சொன்னாள். எந்த நெட்டிலும் போட்டோ நின்றுபோகாது, அது முதலிலேயே நின்றதுதான்.

குறியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கால் மிதிக்கிற பெடலில் வைக்கலாம் என்றான் ஒருவன். சாமியைக் காலால் மிதிப்பாயா என்று நாலு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாம் என்றாள் ஒருத்தி, கழன்று துணிக்குள் விழும் என்று மெர்ச்சண்டைசர் பெண் மறுத்தாள். கடைசியில் மேஜைக்கு அடியில் மோட்டாரின் பக்கவாட்டில் என்று முடிவானது. துணி அந்தப் பக்கம் போகாது, காலும் படாது. முதலாளி, "மோட்டாருதானுங்க மிஷினுக்கு உசுரு, அங்க வெக்கறதுதான் மொற" என்று முதலிலிருந்தே அதுதான் வழக்கம் என்பதுபோலச் சொன்னார்.

அடுத்த மீட்டிங்கில் அவள் ஹெட்போன் மாட்டவில்லை. ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டோம். அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்தம்மா நிறைய கேள்வி கேட்கவில்லை. கடைசிப் படத்தில் மோட்டாரின் பக்கம் ஒரு பொட்டு இருந்தது. கடவுள் இப்போது இங்கே இருக்கிறாரா என்று அந்தம்மா கேட்டார். ஆமாம் என்றாள். சௌகரியமாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அவர் முதல்தடவையாகச் சிரித்தார். இதை முதலாளிக்கு மொழிபெயர்த்ததும் அவர், "இருக்கறாருங்க, அங்க காத்து நல்லா வரும்னு சொல்லுங்க" என்றார்.

ஆர்டர் சின்னதாகத்தான் வந்தது, பார்த்துக்கொண்டு அடுத்ததைத் தருகிறோம் என்று. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மெயிலைப் பார்த்ததும் மாடிப்படியில் நின்றே வீட்டுக்குப் போன் செய்தாள். "இப்பம் வரலப்பா. மாப்பிள வீட்டுக்காரங்களக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிருங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் இன்னும் ஏன் வரவில்லை என்று என்னிடம் கத்தினாள்.

முதல் சரக்கு போன பிறகு நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் அதிக நாள் இருந்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். ஊத்துக்குளியில் பால் வண்டி ஓட்டினேன், கொஞ்ச நாள் ஈரோட்டில் இருந்தேன்.

அடுத்த ஆயுத பூசைக்கு முதலாளி போன் செய்து கூப்பிட்டார், போனேன். வாழைக்கன்று, தோரணம், பொரி எல்லாம் வழக்கம்போல. மிஷின்களின் தலைகள் சுத்தமாக இருந்தன. கணியூர்க்காரம்மா மேஜைக்கு அடியில் குனிந்து, முட்டி போட்டு, மோட்டாருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி, உங்க வீடியோவால எனக்கு இடுப்பு வலிங்க" என்றார்.

மாடிக்குப் போனேன். ரூமில் பூசைக்கு லேப்டாப்பையும் வைத்திருந்தார்கள். அவள் அதை மூடி, மூடியின் வெளிப்புறத்தில் நட்டநடுவே பெரியதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு திறந்து, கேமராவை ஓடவிட்டு, திரையில் தன் முகத்தையும் பின்னால் இருக்கிற வெள்ளைத் துணியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்துல இருந்து தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு எனக்குப் பொரி எடுத்துக் கொடுத்தாள்.